நான்கு ரயில்களும் சரியாகத்தான் நின்றன

இரவு ஒன்றரை மணிக்கு இரும்புத் தகடு வருவது நின்றுபோனது. தகடு இல்லாததால் எஃகு உலைகள் அணைந்தன. எஃகு இல்லாததால் அடுத்தது, அது இல்லாததால் அதற்கடுத்தது என்று பெல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. பழக்கமான சிக்கல்தான் என்று நினைத்தேன். சரக்கு குறைகிறதா, ரயிலைக் கூட்டு. புதிதாக ஆறு ரயில்களைச் செய்து தண்டவாளத்தில் ஏற்றினேன். பத்து நிமிடம் கழித்து, அதுவரை கொஞ்சமாவது வந்துகொண்டிருந்த செம்பும் நின்றுவிட்டது. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட ரயில்கள். ஒன்றுகூட நகரவில்லை.

நான் சொல்வது ஃபேக்டோரியோ என்ற கணினி விளையாட்டைப் பற்றி. செக் நாட்டின் பிராக் நகரில் ஒரு சிறிய குழு உருவாக்கியது. 2016-ல் முழுமையடையாத நிலையிலேயே ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. 1.0 பதிப்பு 2020 ஆகஸ்டில் வெளியானது. ஆளில்லாத கிரகம் ஒன்றில் விழுந்துவிட்ட பொறியாளர் நீங்கள். கையால் கல்லும் நிலக்கரியும் வெட்டித் தொடங்கி, ஒரு ராக்கெட்டை விண்ணில் ஏவுவதுவரை எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும். ஆளில்லை என்றேனே, பூச்சிகள் உண்டு. உங்கள் தொழிற்சாலைப் புகை அவற்றின் கூடுகளை எட்டியதும் தாக்க வரும், நீங்கள் கொல்வீர்கள். இந்த விளையாட்டைப் பற்றி அறம் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்பார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பூச்சிகள் அல்ல, ரயில்கள்.

விளையாடியவர்களுக்குத் தெரியும், இந்தக் கிரகத்தில் நம்மை அதிகம் கொல்வதும் ரயில்தான். தண்டவாளத்தைக் கடக்கும்போது வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்போம். நாம் கட்டிய ரயிலே, நாம் கொடுத்த உத்தரவின்படியே, நம்மை அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்.

*

ரயில்கள் எப்படி ஒன்றோடொன்று மோதாமல் ஓடுகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தண்டவாளத்தின் ஓரத்தில் சிக்னல்களை நட நட, பாதை துண்டுதுண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அடுத்த பிளாக் காலியாக இருந்தால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. விதி அவ்வளவுதான். இது விளையாட்டுக்காக யோசித்த விதியும் அல்ல. ரயில்வேயின் ஆரம்ப காலத்தில் முன்னால் போன வண்டிக்கும் பின்னால் போகிற வண்டிக்கும் இடையே இத்தனை நிமிடம் என்று நேரக் கணக்கு மட்டும் வைத்து ஓட்டினார்கள். 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகே, ஞாயிறுப் பள்ளிச் சுற்றுலா போன வண்டி ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்தார்கள். பின்பாதி சரிவில் உருண்டு, நேரக் கணக்குப்படி சரியாகக் கிளம்பிவந்த அடுத்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள், நிறையக் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் ரயில் பாதைகளில் பிளாக் முறையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆக, 'முன்னால் இருப்பவர் விலகும்வரை நீ நுழையாதே' என்பது ரத்தத்தில் எழுதிய விதி. யாரும் யாரையும் இடிக்காமல் இருக்க அது போதும். என் நாற்பது ரயில்களும் அன்றைக்கு அந்த விதியைத்தான் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தன.

சிக்கலின் வேரைத் தேடிப் போனேன். ஒரு ரவுண்டானா. நான்கு திசையிலிருந்தும் பாதைகள் வந்து சேர்ந்து, சுற்றிப் பிரிகிற இடம். வட்டத்துக்குள் நான்கு கால்வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்னல். நான்கு ரயில்கள் ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருந்த கால்வட்டம் காலி, பச்சை. நான்கும் நுழைந்துவிட்டன. இப்போது ஒவ்வொன்றுக்கும் அடுத்த கால்வட்டம் வேண்டும். அதில் இன்னொரு ரயில் நிற்கிறது. அதற்கும் அடுத்தது வேண்டும். அதிலும் ஒன்று நிற்கிறது. நான்காவது ரயில் காத்திருப்பது முதல் ரயிலுக்காக.

இந்த நான்கில் தப்பு செய்தது எது என்று கேட்டால் பதில் இல்லை. சிவப்பைத் தாண்டிய ரயில் எதுவுமில்லை, இன்னொன்றின் இடத்தைப் பிடுங்கிய ரயிலும் இல்லை. நான்கும் சரியாகத்தான் நின்றன. உலகம் முடிகிறவரை அப்படியே சரியாக நின்றுகொண்டிருக்கும்.

*

கணினித்துறையில் இதற்கு டெட்லாக் என்று பெயர். டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-ல் மாணவர்களுக்குத் தேர்வுக் கேள்வியாக இதைக் கொடுத்தார். டோனி ஹோர் அதை ஒரு கதையாக மாற்றினார். வட்ட மேசையைச் சுற்றி ஐந்து தத்துவவாதிகள். இருவருக்கு நடுவே ஒன்றாக ஐந்து முட்கரண்டிகள். சாப்பிட இரண்டு முட்கரண்டிகள் வேண்டும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இடதுகைப் பக்கம் இருப்பதை எடுத்துக்கொண்டு, வலதுகைப் பக்கம் இருப்பது காலியாகட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். ஐந்து பேரும் பட்டினியில் சாவார்கள்.

1971-ல் எட்வர்ட் காஃப்மேனும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரை, டெட்லாக் உருவாக நான்கு நிபந்தனைகள் ஒன்றாகச் சேர வேண்டும் என்றது. ஒன்று, ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். இரண்டு, கையில் இருப்பதை விடாமலே அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். மூன்று, ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் பிடுங்க முடியாது. நான்கு, இந்தக் காத்திருப்பு சுற்றிவந்து ஒரு வட்டமாகிவிடும்.

முதல் மூன்றையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மற்றவர் இடத்தில் போய் நிற்காதே. எடுத்த பொறுப்பைக் கைவிடாதே. யாரிடமிருந்தும் பிடுங்காதே. இதில் குற்றம் எங்கே இருக்கிறது? நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நல்ல பழக்கங்கள்தான் இவை. நான்காவது மட்டும்தான் விபத்து. அதுவும் யாரும் செய்வதில்லை, தானாக நேர்வது.

மூன்று நற்குணங்கள் ஒரு வட்டத்தில் உட்கார்ந்தால் யாராவது சாகலாம் என்பது எனக்கு அந்த இரவில் புதிய செய்தி அல்ல. அதற்கு நாலு மாதம் முன்பே எங்கள் வீட்டில் அது நடந்திருந்தது.

*

அப்பா இறந்தபின் அம்மா கோவில்பட்டி வீட்டில் தனியாக இருந்தாள். அண்ணன் பெங்களூரில், நான் சென்னையில். முதல் மாதம் எல்லாரும் கூட இருந்தோம். காரியங்கள் முடிந்து, ஒவ்வொருவராகக் கிளம்பினோம். "அம்மா யார்கூட இருக்கப் போறா" என்ற பேச்சு வரும் என்று ஒவ்வொருவரும் எதிர்பார்த்தோம். வரவில்லை.

நான் ஏன் கூப்பிடவில்லை? மூத்தவன் இருக்கும்போது நான் முந்திக்கொண்டு அம்மாவை அழைத்துப்போனால், அண்ணனுக்கு ஊருக்குள் தலைகுனிவு. மதினி கவனிக்க மாட்டாள் என்று நானே சொன்னமாதிரி ஆகிவிடும். அதனால் அண்ணன் முதலில் பேசட்டும் என்று இருந்தேன்.

அண்ணன் ஏன் கூப்பிடவில்லை? அம்மா வாயைத் திறந்து சொல்லட்டும் என்று இருந்தான். அவள் அந்த வீட்டை விட்டு வர விரும்புகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இவன் கூப்பிட்டால், வீட்டை விற்கத்தான் அடிபோடுகிறான் என்று நாங்கள் நினைத்துவிடுவோமோ என்று வேறு பயம்.

அம்மா ஏன் சொல்லவில்லை? "நானா வந்து நின்னா அது பாரம். நீங்க கூப்பிட்டு வந்தா அது வேற" என்று பின்னால் சொன்னாள்.

நான் அண்ணனுக்காக, அண்ணன் அம்மாவுக்காக, அம்மா எங்களுக்காக. பதினொரு மாதம். மூன்று பேரும் தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். சாப்பிட்டியா, மழை பெஞ்சுதா, மாத்திரை போட்டியா. ஒருநாள் இரவு பாத்ரூமில் வழுக்கி விழுந்தவள் எழ முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறாள். காலையில் பால்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூட்டிவந்து கதவை உடைத்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் சொன்னான், "ஏலே, நீ கூப்பிடுவேன்னுல்லா நெனச்சேன். உங்கூடன்னா அவளுக்குக் கொஞ்சம் சௌகரியம்."

"நீ பேசுவேன்னு நான் இருந்தேன், அண்ணே."

இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு தீர்த்திருக்கலாம்.

*

ரவுண்டானாச் சிக்கலுக்கு விளையாட்டிலேயே தீர்வு இருக்கிறது. செயின் சிக்னல் என்று இன்னொரு வகை சிக்னல். சாதாரண சிக்னல் அடுத்த பிளாக்கை மட்டும் பார்க்கும். செயின் சிக்னல் அதற்கடுத்த சிக்னலையும் பார்க்கும். அங்கே சிவப்பு என்றால் இங்கேயும் சிவப்பு. விளையாடுகிறவர்கள் ஒரு சூத்திரமாகவே வைத்திருக்கிறார்கள்: நுழையும் இடத்தில் செயின், வெளியேறும் இடத்தில் சாதாரணம். வெளியேற வழி இருந்தால் மட்டும் உள்ளே போ, இல்லையென்றால் வெளியே நில். வெளியேறிய பிறகும் முழு ரயில் நிற்க இடம் இருக்க வேண்டும். என் ரயில்களுக்கு ஓர் இன்ஜினும் நான்கு வேகன்களும். தலை வெளியே போய்விட்டது என்று நிம்மதியாக நின்றால், வால் சந்திப்பிலேயே கிடந்து மற்ற பாதைகளை மறித்துக்கொண்டிருக்கும்.

சாலைச் சந்திப்புகளில் மஞ்சள் கட்டம் போட்டிருப்பதும் இதற்காகத்தான். அந்தப் பக்கம் போய் நிற்க இடம் இல்லாவிட்டால், பச்சையே விழுந்தாலும் கட்டத்துக்குள் நுழையக் கூடாது.

இதை வாழ்க்கைக்கு இழுத்துக்கொண்டு வந்தால் முதலில் கோழைத்தனமாகத் தெரியும். வெளியேறும் வழியை உறுதிசெய்துகொண்டு யாராவது காதலிப்பார்களா, பிள்ளை பெறுவார்களா? நானும் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் செயின் சிக்னல் பார்ப்பது 'எனக்குத் தப்பிக்க வழி இருக்கிறதா' என்பதை அல்ல. 'நான் நின்றுபோனால், எந்த இடத்தில் நிற்பேன்' என்பதைத்தான். காத்திருப்பது தவறில்லை. எல்லாரும் கடக்கிற இடத்தின் நடுவே காத்திருப்பதுதான் தவறு. எங்கள் மூவரின் காத்திருப்பும் எங்கே நடந்தது? என் சென்னை வீட்டிலோ, அண்ணனின் பெங்களூர் வீட்டிலோ அல்ல. அறுபத்தெட்டு வயது உடம்பு ஒன்றின் மேல். நான் வெகு நாகரிகமாக அதன்மேல் பதினொரு மாதம் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, எல்லாரும் செயின் சிக்னலாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அன்றிரவே எல்லாச் சந்திப்புகளிலும் மாற்றி நட்டேன். டெட்லாக் போனது, இன்னொன்று வந்தது. பிரதான பாதையில் ரயில்கள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. பக்கவாட்டில் கல் ஏற்றிவந்த ஒரே ஒரு ரயில், பாதை முழுக்கக் காலியாகட்டும் என்று நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. யாரும் அதை மறிக்கவில்லை. அதற்கு முறை வரவில்லை, அவ்வளவுதான். கணினித்துறை இதற்கும் பெயர் வைத்திருக்கிறது: பட்டினி. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ரொம்பவும் கவனமான ஒருவர் மட்டும் ஓரத்தில் காத்திருந்து பட்டினி கிடப்பது. டெட்லாக்காவது கண்ணில் படும், ஊரே நின்றுவிடுமே. பட்டினி தெரியாது. மொத்தக் கணக்கில் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

2024 அக்டோபரில் வந்த 'ஸ்பேஸ் ஏஜ்' விரிவாக்கத்தில் தூண்கள்மேல் ஓடும் தண்டவாளமும் வந்தது. இரண்டு பாதைகள் சந்திக்கவே வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்று போய்விடலாம். அண்ணன் ஆஸ்பத்திரியில் முதலில் சொன்ன யோசனையும் அதுதான். "ஒரு ஆளப் போட்டுருவோம். மாசம் என்ன ஆகுதோ ஆளுக்குப் பாதி." வசதி இருப்பவர்கள் சந்திப்புகளைத் தவிர்த்துவிட முடியும். அதில் தப்பும் இல்லை. ஆனால் அன்றைக்கு அம்மாவிடம் அதைச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

*

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட ரயில்களைப் புதிய சிக்னல் விடுவிக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. நீங்களே நடந்துபோய் ஒரு ரயிலில் ஏறி, தானியங்கியை அணைத்துவிட்டு, கையால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். எந்த ரயிலை? அங்கேதான் என் கேள்வி உண்மையில் தொடங்கியது. நான்குமே நியாயமாக நிற்கின்றன. பின்வாங்குவது எதற்கும் கடமை அல்ல. ஆனால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும்.

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஐரிஸ் மரியன் யங் இதற்கு உதவுகிறார். அவர் இறந்தபின் 2011-ல் வெளிவந்த புத்தகத்தில் பொறுப்பை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று பின்னோக்கிப் பார்ப்பது: யார் செய்தது, யாரைத் தண்டிப்பது. இன்னொன்று முன்னோக்கிப் பார்ப்பது: இந்த நிலையை மாற்ற யாரால் என்ன முடியும். எல்லாரும் விதிப்படி நடந்தும் ஓர் அநீதி உருவாகியிருக்கிறது என்றால், முதல் கேள்விக்கு விடை கிடைக்காது. அதற்காக இரண்டாவது கேள்வி செத்துவிடாது. யாரிடம் நகர இடம் இருக்கிறது, யாருக்கு அதில் சக்தி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டைக்ஸ்ட்ராவின் மேசையிலும் தீர்வு அதுபோலத்தான். முட்கரண்டிகளுக்கு எண் கொடுத்து, சின்ன எண்ணைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று வைத்தால், ஐவரில் ஒருவர் மட்டும் மற்றவர்களுக்கு மாறாக வலது பக்கத்தை முதலில் எடுக்க வேண்டிவரும். வட்டம் உடைந்துவிடும். அவர் மற்றவர்களைவிட நல்லவர் என்பதால் அல்ல. யாரோ ஒருவர் வேறு மாதிரி இருந்தாக வேண்டும் என்பதால்.

இதுவரை அழகாக இருக்கிறது. இதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அப்பா இருந்த முப்பத்தைந்து வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருமுறைகூட எதுவும் முட்டிக்கொண்டு நின்றதில்லை. அப்பாவும் அண்ணனும் பேசாமல் இருந்தால் யார் நடுவில் போய் முதலில் பேசுவது? நானும் அப்பாவும் படிப்பு விஷயத்தில் மோதியபோது யார் இரண்டு பக்கமும் நடந்தது? ஆச்சி சாகக் கிடந்த இரண்டு வருடம், சித்தப்பாவா பெரியப்பாவா என்ற பேச்சே எழாமல் போனது எப்படி? எல்லா முறையும் ஒரே ரயில்தான் பின்னால் போனது. இடம் அதிகம் இருந்ததால் அல்ல, அது பின்னால் போகும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால்.

அப்பா போன பிறகு அம்மா முதல்முறையாகப் பின்னால் போகாமல் நின்றாள். கூப்பிடுங்கள், வருகிறேன் என்று சிக்னலில் நின்றாள். உடனே மொத்தப் பாதையும் அடைத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சிக்னல் இருந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இருந்ததில்லை. ஓர் ஆள்தான் இருந்தது.

*

அன்றிரவு ரயிலைப் பின்னால் எடுக்க முயன்றபோது இன்னொன்றும் தெரிந்தது. வட்டத்துக்குள் இருந்த ரயிலுக்குப் பின்னால் இன்னொரு ரயில் முட்டி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியில் நிற்பதை முதலில் நகர்த்தாமல், நடுவில் இருப்பது பின்வாங்கவே முடியாது. தனியாகப் பின்வாங்குவது என்று ஒன்று இல்லை. ஒருவர் விட்டுக்கொடுத்தார் என்று பாராட்டும்போது, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் பின்னால் போயிருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நான்தான் சொன்னேன். "எங்கூட வாங்கம்மா." அண்ணனிடம் கேட்கவில்லை. அவன் முகம் சுருங்கியது. இன்றுவரை அது முழுசாக விரியவில்லை. மதினி எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். நான் பயந்ததெல்லாம் நடந்தது. ஆனால் அதில் எதுவும் ஓர் இடுப்பெலும்பு அளவுக்குப் பெரிதாக இல்லை.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து பால்கனிவரை நடக்கிறாள். வீட்டில் எல்லாம் சீராக ஓடுகிறது. பிசியோதெரபி, மருந்து, சாப்பாடு எதுவும் நிற்கவில்லை. முன்பானால் இதைக் கண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது எதுவும் முட்டாமல் ஓடும் பாதையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. இங்கே சிக்னல்கள் சரியாக இருக்கின்றனவா, அல்லது சத்தமில்லாமல் யாரோ பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்களா?

போன வாரம்தான் மனைவியிடம் கேட்டேன். அவள் மாலையில் போய்க்கொண்டிருந்த ஜெர்மன் வகுப்பை விட்டு நாலு மாதம் ஆகிறதாம். அம்மா வந்த முதல் வாரத்திலேயே விட்டிருக்கிறாள். அவள் ஆபீசில் அடுத்த நிலைக்குப் போக அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எதுவும் நிக்கலையே. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

அண்ணனுக்கு போன் செய்தேன். ஜூனிலிருந்து மூன்று மாதம் அம்மா அங்கே இருக்கட்டுமா என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றான். யாரிடம் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அங்கேயும் யாரோ ஒருத்தி எதையோ விட வேண்டியிருக்கும்.